கற்பூரம் ஏறிய முட்டை

சிற்றம்பலம் வாத்தியாருக்குக் கேள்வி கேட்காவிட்டால் சோறு செரிக்காது. முப்பது வருஷம் பிள்ளைகளைக் கேள்வி கேட்டு ஓய்ந்தவர், அறுபது வயதில் வைத்தியம் கற்கிறேன் என்று பனங்காட்டு ஓரத்து வைத்தியசாலைக்கு வந்து சேர்ந்தார். அங்கே வைத்தியம் பார்த்த வெள்ளையம்மை அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் வாத்தியார் வாய் நிறைய "அம்மா" என்றுதான் கூப்பிடுவார்.

காலையில் வரும் ஆவுடைக்கு எழுத்துச் சொல்லித் தருவதும் அவர் வேலை. ஏழு வயதுப் பெண். பார்த்தால் நாலு வயதுதான் சொல்லலாம். மூன்று மாதமாக 'அ' என்ற ஒரே எழுத்து நடக்கிறது. மணலில் எழுதுவாள், சிரிப்பாள், மறுநாள் புதிதாகப் பார்ப்பதுபோல் விழிப்பாள். ஒரு இடத்தில் உட்காரவும் மாட்டாள். வாத்தியாருக்குப் பொறுமை போய்விட்டது.

அன்று அவளைக் கூட்டிப்போக வந்த தாய் பொன்னுக்கிளியிடம் சொல்லியேவிட்டார்.

"நாளையிலேர்ந்து இவளை அனுப்பாத, தாயி. இந்தச் சோம்பேறிக்குச் சொல்லித்தர என்னால முடியாது."

பொன்னுக்கிளியின் முகம் வாடிவிட்டது. ஐந்து மாத வயிறு. படியில் மெல்ல உட்கார்ந்தாள்.

"சரிங்கய்யா. இன்னொண்ணு அம்மாட்ட கேக்கணும். எங்க வீட்டுக்காரரு இறக்குற கள்ளு, தெனம் ஒரு சொம்பு குடிக்கலாமா? இவ வயித்துல இருக்கும்போதும் குடிச்சேன். சூடு தணியும்லா."

வாத்தியார் கொல்லைப்பக்கம் போனார். வெள்ளையம்மை வேர்களை அலசிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அலசிய கை நின்றது.

"கூடாது ஐயா. ஒரு வாய்கூட."

"ஏன் அம்மா? குடிக்கிறது தாய். போறது அவ இரைப்பைக்கு. பிள்ளை வேற பையில, தண்ணிக்குள்ள, பத்திரமா கெடக்கு. அதுக்கு எப்படிப் போகும்?"

"போன வாரம் ஒரு முட்டையை உடைச்சீங்களே?"

வாத்தியாருக்கு வெட்கமாகிவிட்டது. பற்றுப் போட வைத்திருந்த முட்டையைப் பூனைக்குப் பயந்து மருந்து அலமாரியில் ஒளித்துவைத்தது அவர்தான்.

"கற்பூர டப்பா பக்கத்துல பத்து நாள் இருந்துச்சு. உடைச்சா உள்ளேயும் கற்பூர வாடை."

"ஓட்டுல கீறல் இருந்ததா?"

"மயிரிழை கீறல்கூட இல்ல."

"கற்பூரம் உள்ளே போய்த் தொட்டதா?"

"டப்பா மூடியேதான் இருந்துச்சு."

வெள்ளையம்மை மறுபடி வேரை அலசினார். வாத்தியார் நின்றுகொண்டே யோசித்தார். கீறலில்லாத ஓட்டைத் தாண்டிக் கற்பூரம் போனால் கள்ளும் பிள்ளைக்குப் போகும்; யோசனை அப்படியே ஆவுடையிடம் போய் முட்டியது.

"அப்ப ஆவுடை... மறக்கிறது, உட்கார முடியாதது, வளராதது?"

"அதனாலதான்னு நினைக்கிறேன்."

அந்தக் குழந்தையைச் சற்றுமுன்தான் சோம்பேறி என்றிருந்தார். அந்த வெட்கம் அப்படியே கோபமாக மாறியது.

"பெத்தவளே இப்படிப் பண்ணியிருக்காளே! போய் நறுக்குன்னு நாலு வார்த்தை கேக்குறேன்."

"இருங்க. நானும் வர்றேன்."

வெள்ளையம்மை ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பொன்னுக்கிளி பக்கத்தில் அதே படியில் உட்கார்ந்தார்.

"கள்ளு வேண்டாம்மா. வேற எந்தச் சாராயமும் வேண்டாம். சுண்ணாம்பு தடவின கலயத்துல இறக்கின பதநீர், அன்னைக்கு அன்னைக்கே குடி. புருஷன்கிட்ட நான் பேசிக்கிறேன்."

பொன்னுக்கிளி குழம்பிப்போய்ப் பார்த்தாள்.

"போன தடவை நீங்கதானம்மா குடிக்கலாம்னு சொன்னீங்க?"

வாத்தியார் கேட்க வைத்திருந்த நாலு வார்த்தையை விட்டுவிட்டு வெள்ளையம்மையைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆமா. நான்தான் சொன்னேன்" என்றார் வெள்ளையம்மை. "எனக்கு வைத்தியம் கத்துத்தந்த எங்க அப்பா சொன்னதை நானும் சொன்னேன். தப்புன்னு தெரிஞ்சப்போ இவளுக்கு மூணு வயசு. அப்புறம் வந்த யாரையும் குடிக்கச் சொல்லல. ஆனா உன்கிட்ட வந்து சொல்ல எனக்கு தைரியம் வரல."

பொன்னுக்கிளி மகளைப் பார்த்தாள். ஆவுடை மணலை அள்ளித் தலையில் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இவ இப்படி இருக்கிறது..."

"என் வார்த்தையால. உன் தப்பு இல்ல."

பொன்னுக்கிளி சேலையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வெள்ளையம்மை எழுந்திருக்கவில்லை. அவள் அழுது முடியும் வரை பக்கத்திலேயே இருந்தார். பிறகு பொன்னுக்கிளி மகளின் தலையிலிருந்த மணலைத் தட்டிவிட்டு, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

வாத்தியாருக்கு இன்னும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. அதையும் கேட்டார்.

"இனிமே அவளுக்கு 'அ' வருமா அம்மா?"

"தெரியல." வெள்ளையம்மை அவரை நிமிர்ந்து பார்த்தார். "அந்த முட்டையை என்ன செஞ்சீங்க?"

"குப்பையில கொட்டினேன்."

"முட்டையைக் கொட்டிட்டீங்க ஐயா. பிள்ளையையும் கொட்ட முடியுமா? நாளைக்கு ஆவுடைக்கு எத்தனை மணிக்குப் பாடம்?"