ஒரே கூரை, நாலு திட்டம்

கரட்டுப்புதூர் ஜனங்கள் தங்கமானவர்கள். யார் எதைச் சொன்னாலும் ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் செய்து முடித்துவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பார்கள். அதில் செம்பாயி எல்லோருக்கும் ஒரு படி மேலே. அதனால்தான் அவளை மகளிர் குழுத் தலைவி ஆக்கியிருந்தார்கள்.

அந்த ஊருக்கு நாலு ஆபீஸிலிருந்து நாலு திட்டம் வந்திருந்தது. செம்பாயிக்குக் கீரை விதை, மூக்கம்மாவுக்குக் கோழி, குப்பாண்டிக்குப் பால் ஆடு, கருத்தமுத்துவுக்கு உரத்துக்கு மண்புழு. நாலும் நாலு மூலையில் கிடந்தன. பார்வையிட வந்த அதிகாரி மேடத்துக்கு அலைந்து அலைந்து செருப்பே அறுந்துபோனது.

"இப்படிச் சிதறிக் கிடந்தா யாருக்கும் வயிறு நிறையாது. நாலையும் ஒரே கூரைக்குக் கீழ கொண்டு வாங்க. ஒண்ணோட மிச்சம் இன்னொண்ணுக்குத் தீனியாகணும். வெள்ளிக்கிழமை வர்றேன். இங்க விளைஞ்சதை அந்தக் கூரைக்குக் கீழ உட்கார்ந்து சாப்பிடுறேன். அது நடந்தாத்தான் அடுத்த வருஷமும் திட்டம்" என்றார் மேடம்.

"நானே பரிமாறுறேன்மா!" என்று செம்பாயி வாக்குக் கொடுத்துவிட்டாள்.

மறுநாளே கூரை எழும்பியது. மேடம் கூரை என்றுதானே சொன்னார், குழி என்று சொல்லவில்லையே! ஆகவே குழி தோண்டாமல், நாலு மூங்கிலைக் கல் முட்டுக்கொடுத்து நிறுத்தி, மேலே தென்னங்கீற்றைக் கட்டினார்கள். கீரைப் பாத்தியைக் கூடை கூடையாக அள்ளிவந்து கொட்டினார்கள். பக்கத்திலேயே மண்புழுவையும் கொட்டினார்கள். கோழிகளையும் ஆட்டையும் உள்ளே விட்டார்கள்.

கொட்டிய கை காய்வதற்குள் கோழிகள் மண்புழுவை முடித்துவிட்டன.

"என் திட்டம் போச்சே!" என்று கருத்தமுத்து தலையில் கை வைத்தான்.

"போகலண்ணே, சேர்ந்திருக்கு. உங்க திட்டம் இப்ப என் திட்டத்துக்குள்ள இருக்கு" என்றாள் மூக்கம்மா. கருத்தமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லோரும் கை தட்டினார்கள்.

புதன்கிழமை ஆடு கீரையை வேரோடு தின்றது. அதற்கும் கை தட்டினார்கள். வியாழக்கிழமை ஆடு கோழி முட்டைகளின் மேல் சாவகாசமாகப் படுத்துக்கொண்டது.

"பாருங்க, ஆடே அடைகாக்குது!" என்று குப்பாண்டிக்குப் பெருமை தாங்கவில்லை.

படுக்க இடமில்லாத கோழிகள் பறந்துபோய்க் கூரை மேல் உட்கார்ந்தன. அப்போதுதான் செம்பாயி அண்ணாந்து பார்த்தாள்.

"கூரைக்குக் கீழன்னுதானே மேடம் சொன்னாங்க? இதுங்க மேல இருக்கே!"

ஊரே கூடி யோசித்தது. கடைசியில் கருத்தமுத்து ஏணி போட்டு ஏறி, கோழிகளுக்கு மேலே ஒரு குடையை விரித்துக் கட்டினான். "குடையும் கூரைதான்" என்று தீர்ப்பாயிற்று.

"கீரையும் இல்ல, முட்டையும் இல்ல. நாளைக்கு இலையில என்னத்த வைப்பீங்க மதினி?" என்று மூக்கம்மா கேட்டாள்.

செம்பாயி மாரியம்மனை நினைத்துக் கண்ணை மூடினாள். திறந்தபோது எதிரே ஆடு அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"அடி, கீரை ஆட்டுக்குள்ள இருக்கு. ஆட்டுக்குள்ள இருக்கிறது பால்ல வராமலா போகும்? ஆத்தா கைவிடலடி!"

வெள்ளிக்கிழமை மேடம் வந்தார். கூரைக்குக் கீழே பாய் விரித்து உட்காரவைத்து, வாழை இலை போட்டார்கள். மேடம் இலையைப் பார்த்தார். இலையில் ஒன்றும் இல்லை.

"கீரை எங்கம்மா?"

"ஆட்டுக்குள்ள இருக்குங்க."

"மண்புழு?"

"கோழிக்குள்ள."

"கோழி?"

"மாடியில."

மேடம் வாயைத் திறப்பதற்குள், சூடு ஆறாமல் பரிமாற வேண்டுமென்று செம்பாயி ஆட்டை இலைக்கு நேராக இழுத்துவந்து, அங்கேயே பால் கறக்க உட்கார்ந்தாள். ஆடு ஒரு உதை விட்டது. இலையைக் கவ்விக்கொண்டு வெளியே பாய்ந்தது.

"ஐயோ, ஆடு கூரையை விட்டுப் போகுது! திட்டம் போச்சு!" என்று குப்பாண்டி அலறினான்.

"ஆடு போனா என்ன? கூரையைத் தூக்குங்கய்யா!" என்றாள் செம்பாயி.

மூங்கிலுக்கு நாலு பேராக, ஒரே மூச்சில் தூக்கிவிட்டார்கள். ஆடு கிழக்கே ஓட, கூரையும் கிழக்கே ஓடியது. கூரை மேல் கோழிகள், கோழிகள் மேல் குடை. வெயிலில் தனியாக உட்கார்ந்திருந்த மேடத்தை நோக்கி, கையில் கரண்டியோடு செம்பாயி திரும்பி ஓடிவந்தாள்.

"எந்திரிங்கம்மா, சீக்கிரம் கூரைக்குள்ள வந்து ஓடுங்க! சாப்பாடு முன்னால போகுது!"