பதினேழாம் கல்லின் அம்பு

பேராசிரியர் ஜெனோவாவுக்கு வயது நாற்பத்தொன்று. அவரிடம் ஆய்வு செய்துவந்த கூத்தபெருமாளுக்கு ஐம்பத்திரண்டு. பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறவர். மாணவர் மேடம் என்று கூப்பிட, ஆசிரியை சார் என்று கூப்பிட, ஏழு வருடம் ஓடிவிட்டது.

வெள்ளிக்கிழமை ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். புதன்கிழமை காலை கூத்தபெருமாள் வந்து நின்றார்.

“மேடம், கல்லை உடைச்ச பிறகு அம்பு போட்டா தப்பா?”

நிலவியல் படித்தவர் வாயில் வரக் கூடாத கேள்வி. கல் பாறையோடு இருக்கும்போதே வடக்கு எது, மேல்பக்கம் எது என்று அம்புக்குறி போட்டுவிட வேண்டும். அப்புறம்தான் சுத்தியல். பிள்ளைகளிடம் இதைத் தொண்டை வறளச் சொல்லிவந்தவரும் இதே மனுஷர்தான்.

“எந்தக் கல்?”

“பதினேழு.”

அந்தப் பகுதியில் நிலம் இரண்டு முறை, எதிரெதிர்த் திசையில் உரசி நகர்ந்தது என்பதுதான் ஆய்வேட்டின் முடிவு. சேகரித்த முப்பத்திரண்டு கற்களில் இரண்டாவது நகர்வுக்கு இருந்த ஒரே சாட்சி பதினேழு.

ஜெனோவா அந்தக் கல்லின் மெல்லிய சீவல் ஒட்டிய கண்ணாடியை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தார். மைக்கா தகடுகளுக்கு நடுவே கார்னெட் மணி எந்தப் பக்கம் உருண்டிருக்கிறது என்பதை வைத்துத்தான் நிலம் நகர்ந்த திசையைச் சொல்வார்கள்.

“பாருங்க சார். மைக்காவுக்கு நடுவுல கார்னெட் எந்தப் பக்கம் உருண்டிருக்கு?”

“இடப்பக்கம்.”

கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தார்.

“இப்போ?”

“வலப்பக்கம்.” குரல் இறங்கிவிட்டது.

“திரும்பப் போய் எடுக்க முடியுமா?”

“பாறையே இல்ல மேடம். ரோட்டுக்காக வெடி வச்சு எடுத்துட்டாங்க. அன்னைக்கு மழை பிடிச்சுக்கிச்சு. அவசரத்துல உடைச்சுட்டேன். வீட்டுக்கு வந்து உத்தேசமா ஒரு அம்பு போட்டேன்.”

“இத்தனை வருஷமா சொல்லலையே?”

“மறந்தே போச்சு. நேத்து நன்றியுரை எழுத உக்காந்தேன். உங்க பேரை எழுதினதும் ஞாபகம் வந்துச்சு. அதுக்கு மேல கை ஓடல.”

ஜெனோவா ஆய்வேட்டில் இரண்டாவது நகர்வைச் சொல்லும் ஐந்தாம் அத்தியாயத்தைத் தனியே உருவி வைத்தார்.

“இது போகும். வெள்ளிக்கிழமை முடியாது. இன்னும் ஆறு மாசம் ஆகும்.”

“ஆகட்டும் மேடம்.”

“ரொம்ப நன்றி சார்.”

கூத்தபெருமாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“உங்க மானத்தையே வாங்கியிருப்பேன். எனக்கு எதுக்கு நன்றி?”

“மிச்சம் முப்பத்தோரு அம்பையும் இனிமே நான் கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம்ல.”