முந்நூறு மணி நேரக் கன்று

காளைமேட்டுக்காரர்களைப் பற்றி எழுதினால் அவர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று சிலர் எச்சரிப்பதுண்டு. வருவார்கள்தான். ஆனால் வழி கேட்டுக் கிளம்பி, வேறு யார் வீட்டு வாசலிலோ நின்று சண்டை போட்டுவிட்டுத் திருப்தியாகத் திரும்பிவிடுவார்கள். ஆகவே பயமில்லாமல் தொடங்கலாம்.

காளைமேட்டில் எல்லோருக்கும் ஒரே தொழில், மாட்டுத் தரகு. மாட்டைப் பற்றி அவர்களுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. மற்றவற்றைப் பற்றித் தெரிந்ததும் எதுவும் இல்லை. அதனால் மற்றவற்றையும் மாடாகவே பாவித்துக்கொள்வார்கள். பெரும்பாலும் அது போதுமானதாக இருந்தது. ஊருக்கு முதல் டிராக்டர் வந்தபோது மட்டும் ஆறு மாதம் சாணிக்காகக் காத்திருந்தார்கள்.

அந்த ஊர்ச் சடையப்பனுக்கு ஏரியின் எதிர்க்கரையில் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் பெயர் சுகந்தி. இரண்டு வீட்டாருக்கும் பிடித்துப்போய், பரிசம் போடுவது மட்டும்தான் மிச்சம். அதுதான் இரண்டு முறை தவறியிருந்தது.

முதல் முறை சுகந்தியின் அப்பா சோலைமலை, "பாலம் உடைஞ்சு கிடக்கு, ஏரியைச் சுத்தி வந்துருங்க" என்று சொல்லியிருந்தார். தட்டு வரிசையோடு வேனில் ஏறியவர்கள் ஏரியைச் சுற்றினார்கள். சொன்னபடி முழுவதுமாகச் சுற்றினார்கள். மதியம் ஒரு மணிக்குத் தங்கள் வீட்டு வாசலிலேயே வந்து இறங்கினார்கள்.

"வழியில ஒரு வீட்டுல வாழைமரமெல்லாம் கட்டி ஜோரா இருந்துச்சே, பாத்தீங்களா? யார் வீட்டு விசேஷமோ" என்றார் சடையப்பனின் தாய்மாமன் அங்கமுத்து.

இரண்டாம் முறை தெருமுனையில் ஒரு பூனை குறுக்கே போய்விட்டது. குறுக்கே போன பூனை அதே வழியில் திரும்பிப் போய்விட்டால் சகுனம் நேராகிவிடும் என்று அங்கமுத்து தீர்ப்புச் சொன்னார். அதைத் திருப்பி அனுப்பப் பின்னாலேயே போனார்கள். பூனைக்கு அன்று அந்தப் பக்கம்தான் வேலை இருந்தது. சாயங்காலம்தான் திரும்பியது.

மூன்றாவது நாள் குறித்ததும் சுகந்தியே போன் செய்தாள்.

"வெள்ளிக்கிழமை ஒம்பதுல இருந்து பத்தரைக்குள்ள. அதுக்கு மேல ராகு காலம். இந்தத் தடவையும் பிந்துனீங்கன்னா எங்கப்பா அரிசி மில்லுக்காரங்களுக்குச் சரின்னு சொல்லிருவாரு."

"நீ என்ன சொல்லுவ?"

"என்னை யாரு கேக்கப் போறா? இந்தா பாருங்க, ரோட்டுப் பக்கமே போகாதீங்க. நேரா ஏரித் தண்ணியிலயே வாங்க. படகோ பரிசலோ, ஏதாவது ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு வாங்க."

சடையப்பன் போனை வைத்தான். பதினோரு மாதமாக அவளோடு போனில் பேசிக்கொண்டிருக்கிறான். மாட்டைத் தவிர மற்ற விஷயங்களும் பேசக்கூடியவைதான் என்பதையே அவளிடம்தான் தெரிந்துகொண்டான். அவளை அரிசி மில்லுக்கு விட்டுக்கொடுப்பதாவது!

படகு கிடைக்கவில்லை. பரிசலும் கிடைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை டீக்கடைச் சுவரில் ஒரு நோட்டீஸ் கிடைத்தது. அணைக்கட்டுப் பக்கம் ஒரு படகு இல்லத்தை மூடுகிறார்களாம். பழைய வாட்டர் ஸ்கூட்டர் ஒன்று மலிவு விலைக்கு இருக்கிறதாம்.

டவுன் மெக்கானிக்கிடம் யோசனை கேட்டான் சடையப்பன். மெக்கானிக் லாரிக்கு அடியில் படுத்தபடியே மூன்று விஷயம் சொன்னார். "எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு கேளு. அடிப்பக்கம் தட்டிப் பாரு. தண்ணியில இறக்காம வாங்காத."

புதன்கிழமை நான்கு பேர் கிளம்பினார்கள். சடையப்பன், அங்கமுத்து, மாட்டின் மயிர்ச்சுழியைப் பார்த்து ராசி சொல்வதில் வல்லவரான உருமையா, பல் பிடித்து வயது சொல்லும் சீரங்கன். இந்த நான்கு பேரும் பார்த்து வாங்கிய மாடு சோடை போனதாகச் சரித்திரம் இல்லை.

படகு இல்லத்தில் ரிச்சர்டு என்ற இளைஞர் தனியாக இருந்தார். கொட்டகைக்குள் நீலமும் வெள்ளையுமாக நின்றிருந்த வண்டியைக் காட்டினார். நான்கு பேரும் முதலில் கிட்டப் போகவில்லை. இருபதடி தள்ளி நின்று நிறத்தைப் பார்த்தார்கள். பிறகு பக்கவாட்டில் நின்று முதுகைப் பார்த்தார்கள்.

"திமில் இல்லையே" என்றார் அங்கமுத்து.

"சீமைச் சாதிண்ணே. அதுங்களுக்கு இருக்காது" என்றார் சீரங்கன்.

அடிப்பக்கம் தட்டிப் பார்க்க வேண்டும் என்று மெக்கானிக் சொன்னது சடையப்பனுக்கு நினைவு வந்தது. கையோடு கொண்டுவந்திருந்த புளியங்குச்சியால் தட்டினான். வண்டி அசையவில்லை. இன்னும் பலமாகத் தட்டினான்.

"உதைக்கலை. சாது" என்று சந்தோஷப்பட்டான்.

"சாதுவா, சுரணை கெட்டதா?" என்றார் உருமையா. அவருக்கு எதையும் உடனே பிடிக்காது. பின்பக்கம் குனிந்து பார்த்தவர் விருட்டென்று நிமிர்ந்தார். "வேணாம், விட்ரு மாப்ளே. வாலடியில சுழி இருக்கு. இரும்புச் சுழி. வாங்குனவன் வீட்டுல தங்காது."

ரிச்சர்டு எட்டிப் பார்த்தார். "சார், அது உள்ள இருக்கிற ஃபேன். அது சுத்தினாத்தான் வண்டி முன்னாடி போகும்."

"அதைத்தானே நானும் சொல்றேன். ஓடிப்போற சுழி."

இதற்குள் சீரங்கன் முன்பக்கத்து மூடியைத் திறந்து உள்ளே கை விட்டிருந்தார். சாமான் வைக்கிற பெட்டி அது. நான்கு விரலையும் ஓரமாக ஓட்டித் தடவினார். முகம் மாறியது.

"ஒரு பல்லு கூட முளைக்கலை" என்றார் மெதுவாக.

அப்போதுதான் சடையப்பன் கேட்டான். "ஏன் தம்பி, இது எத்தனை மணி நேரம் ஓடியிருக்கு?"

"முந்நூறு மணி நேரம் சார். ஒரு நிமிஷம் கூட அதிகம் கிடையாது."

சடையப்பன் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவன். அதில் கணக்கும் ஒரு பாடம். தரையில் குச்சியால் கீறி, முந்நூறை இருபத்துநாலால் வகுத்தான். விடை வந்ததும் ஒரு முறை அழித்துவிட்டு மறுபடி வகுத்தான். அதே விடைதான்.

"மாமா, இது பொறந்து பன்னெண்டரை நாள்தான் ஆகுது."

அங்கமுத்து தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஏந்தம்பி, படிச்ச பிள்ளை மாதிரி இருக்கீங்க. பால்குடி மறக்காததைப் போய் விக்கிறீங்களே? இதோட தாய் எங்க?"

ரிச்சர்டுக்கு இது புதுவிதமான பேரமாகத் தோன்றியது. "சார், இது ஜப்பான்ல இருந்து வந்தது."

"ஜப்பானா!" சீரங்கனின் கண் கலங்கிவிட்டது. "பன்னெண்டு நாளுக்குள்ள அம்புட்டுத் தூரம் நடக்க விட்டுருக்கானுங்க, படுபாவிங்க."

தண்ணீரில் இறக்கிப் பார்ப்பதுதான் மீதி இருந்தது. ரிச்சர்டு வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் அணையில் இறக்கினார். சிவப்புக் கயிறு ஒன்றின் ஒரு முனையைக் கைமணிக்கட்டில் மாட்டி, மறுமுனையை வண்டியில் செருகி, பச்சைப் பொத்தானை அழுத்தினார். வண்டி அலறிக்கொண்டு ஒரு வட்டம் அடித்துத் திரும்பியது.

"கத்துது பாரு. தாயைத் தேடுது" என்றார் சீரங்கன்.

நால்வரும் கரையில் குந்தி ஆலோசனை நடத்தினார்கள்.

"ரெண்டு வயசு ஆகாததைப் பழக்கவே கூடாது" என்றார் அங்கமுத்து. "பன்னெண்டரை நாள் கன்னு மேல ஆம்பளை ஏறி உக்காந்தா இடுப்பு விட்டுப் போகும். அந்தப் பாவம் நமக்கு வேணாம். கிளம்புங்க."

சடையப்பன் எழுந்திருக்கவில்லை. புதன் முடிந்தால் வியாழன், வியாழன் முடிந்தால் வெள்ளி. எங்கேயோ அரிசி மில் ஓடும் சத்தம் கேட்பது போலவே இருந்தது. சுகந்தி சொன்னதை ஒவ்வொரு சொல்லாக நினைத்துப் பார்த்தான். திடீரென்று வெளிச்சம் வந்தது.

"மாமா, அவ என்ன சொன்னா தெரியுமா? ஏதாவது ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு வாங்கன்னு சொன்னா. ஏறி உக்காந்து வாங்கன்னு சொல்லவே இல்லை."

அங்கமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். "பிடிச்சுக்கிட்டா?"

"பிடிச்சுக்கிட்டுத்தான்."

"பிடிச்சுக்கலாம். பிடிச்சா இடுப்புக்கு ஒண்ணும் ஆகாது."

"சுழி?" என்றார் உருமையா.

"சேத்தை அப்பி மறைச்சுரலாம்" என்றார் சீரங்கன். இப்படியாக வாங்குவது என்று முடிவானது.

அங்கமுத்து முறைப்படி ரிச்சர்டின் கையைப் பிடித்து, மேலே துண்டைப் போட்டு மூடினார். சந்தையில் விலையை வாயால் சொல்வது கிடையாது. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் பேச வேண்டும். ரிச்சர்டுக்கு அது தெரியாது. மிரண்டுபோய் நின்றவர், விரல்களை அங்கமுத்து ஒவ்வொன்றாக அழுத்தவும் கூச்சம் தாளாமல் சிரித்துக் கையை உருவிக்கொண்டார். கையை உருவினால் பேரம் முடிந்தது என்று அர்த்தம். முடிந்த விலை நோட்டீசில் போட்டிருந்ததைவிடக் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அது வெறும் நோட்டீஸ். இது முறையாகப் பேசி முடித்தது.

ரிச்சர்டு நல்ல மனிதர். நான்கு மிதவைச் சட்டைகளை இலவசமாகவே கொடுத்து, "தண்ணியில இறங்கும்போதெல்லாம் கட்டாயம் போட்டுக்கணும்" என்றார். அன்று மாலை பம்புசெட்டில் நான்கு பேரும் அதைப் போட்டுக்கொண்டுதான் குளித்தார்கள். முதுகில் சோப்புப் போடுவதுதான் கொஞ்சம் சிரமமாக இருந்தது.

வைக்கோல் பரப்பிய மினி வேனில் வண்டியை ஏற்றியதும் ரிச்சர்டு சிவப்புக் கயிற்றை நீட்டினார். அங்கமுத்து இரண்டடி பின்வாங்கினார்.

"அது வேணாம் தம்பி."

"சார், இது ரொம்ப முக்கியம்."

"முக்கியம்னுதான் வேணாங்கிறோம். மாட்டை வித்தவன் கயிறைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தா கயிறோட உங்க வீட்டு லட்சுமியும் எங்ககூட வந்துரும். நாங்க அப்படிப்பட்ட ஆளுங்க இல்லை."

"இது இல்லாம வண்டி ஸ்டார்ட்டே ஆகாது சார்!"

"எங்க கயிறு கொண்டாந்திருக்கோம்" என்று அங்கமுத்து மடியிலிருந்து புது நூல் கயிறு ஒன்றை எடுத்துக் கைப்பிடியில் கட்டினார். வேன் கிளம்பியது. ரிச்சர்டு கயிற்றை ஆட்டியபடி வெகுதூரம் பின்னால் ஓடிவந்தார்.

"வளத்த பாசம்" என்று மூக்கை உறிஞ்சினார் சீரங்கன். "பாக்க முடியலை. வேகமா ஓட்டச் சொல்லு."

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு வண்டியை ஏரியில் இறக்கினார்கள். பச்சைப் பொத்தானை அழுத்தினான் சடையப்பன். சத்தமே இல்லை. தட்டிக்கொடுத்துவிட்டு மறுபடி அழுத்தினான். அகத்திக்கீரையைக் காட்டி அழுத்தினான். கன்று மௌனமாக மிதந்துகொண்டிருந்தது.

"ஏங்கிப் போச்சு. தாய் இல்லாம ஒரு அடி எடுத்து வைக்காது" என்றார் சீரங்கன்.

"மணி ஏழேகாலாச்சு மாமா!" சடையப்பனின் குரல் உடைந்தது.

தாயை இழந்த கன்றுக்கு என்ன செய்வதென்று காளைமேட்டில் எல்லோருக்கும் தெரியும். கறவையில் இருக்கிற வேறொரு மாட்டோடு சேர்த்துவிட வேண்டும். உருமையா ஓடிப்போய்த் தன் எருமையை ஓட்டிவந்தார். எருமை வண்டியை முகர்ந்து பார்த்தது. பேசாமல் தண்ணீரில் இறங்கியது. நூல் கயிற்றின் மறுமுனையை அதன் கழுத்தில் கட்டினார்கள். எருமை நீந்த, கன்று பின்னாலேயே போனது.

"சேத்துக்கிச்சு!" என்று ஆனந்தத்தில் கத்தினார் சீரங்கன்.

கன்றின் மேல் யாரும் ஏறவில்லை. மிதவைச் சட்டையும் தலைமேல் பரிசத் தட்டுமாக நான்கு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். நடு ஏரியில் எருமைக்கு ஒரு தாமரைக் கூட்டம் பிடித்துப்போய் முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றது. சடையப்பன் வேண்டாத சாமி இல்லை. பத்து இருபதுக்கு எதிர்க்கரையில் கால் ஊன்றினார்கள்.

கரையில் சோலைமலை கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். அவரும் காளைமேட்டில் பெண் எடுத்தவர்தான். ஆகவே எதற்கும் திகைக்கவில்லை.

"கன்னா மாப்ளே? என்ன வயசு?"

"இன்னைக்குப் பதினாலரை நாள் மாமா."

"வயசுக்கு நல்ல வளத்தி."

பத்தரைக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது கரையிலேயே தட்டு மாற்றினார்கள். மேட்டில் காத்திருந்த அரிசி மில்லுக்காரர்கள் பைக்கைத் திருப்பிக்கொண்டு போன சத்தம் கேட்டபோது சடையப்பன் முதல் முறையாக மூச்சு விட்டான். ஆனால் கல்யாண நாள் குறிக்க உட்கார்ந்ததும் சோலைமலை ஒரு ஆசையைச் சொன்னார்.

"கல்யாணத்துக்கு மாப்ளே அது மேல ஏறித்தான் வரணும். ஊரே பாக்கணும்."

"ரெண்டு வயசு ஆகாம ஏறக்கூடாதே" என்றார் அங்கமுத்து.

"அப்ப ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு முகூர்த்தம் பாருங்க."

நியாயமான பேச்சாக இருந்ததால் யாரும் மறுக்கவில்லை. சடையப்பன் மட்டும் விரல்விட்டு மாதங்களை எண்ணினான்.

அப்போது சுகந்தி பட்டுப்புடவையை லேசாகத் தூக்கிப் பிடித்தபடி கரைக்கு இறங்கி வந்தாள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள். குனிந்து அடியில் பார்த்தாள்.

"எதுக்குப்பா ரெண்டு வருஷம்?" என்றாள். "இது பொட்டைக் கன்னு, கிடாரி. கிடாரின்னா ஒன்றரை வருஷத்துலயே தேறிரும்."

நான்கு தரகர்களும் வெட்கிப்போனார்கள். இதைப் பார்க்காமல் விட்டுவிட்டோமே! ஒரே வார்த்தையில் ஆறு மாதத்தை மிச்சம் பிடித்துவிட்ட அந்தப் பெண்ணைச் சடையப்பன் வாய் பிளந்து பார்த்தான். பன்னிரண்டாம் வகுப்பெல்லாம் சும்மாதான் என்று அவனுக்குத் தோன்றியது.

அங்கமுத்து மட்டும் அடுத்த காரியத்துக்குப் போய்விட்டார். கிடாரி என்றால் நாளைக்குக் காளைக்குச் சேர்க்க வேண்டாமா? அங்கேயே போனை எடுத்து ரிச்சர்டைக் கூப்பிட்டார்.

"தம்பி, உங்ககிட்ட வாங்குனமே, அதே சாதியில காளை ஒண்ணு இருக்குமா?"

ரிச்சர்டு கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். படகு இல்லத்தில் இன்னும் ஒரு வண்டி விற்காமல் கிடந்தது.

"ஒண்ணு இருக்கு சார்" என்றார் ரிச்சர்டு. "ஆனா கொஞ்சம் முட்டும்."