மெயினை அணைத்த தமயந்தி

உறையூரில் வைத்தியலிங்கம் வீட்டின் கீழ்ப்பகுதியில் தமயந்தி குடியிருந்தாள். இரண்டு வீட்டுக்கும் ஒரே இன்டர்நெட். மாடியில் ஏதோ உறுமும்போதெல்லாம் அது அறுந்துபோகும். அன்று அவளுடைய வேலைக்கான ஆன்லைன் இன்டர்வியூவே பாதியில் நின்றுபோனது. ஆனால் கத்திக்கொண்டு இறங்கி வந்தவர் வைத்தியலிங்கம்தான்.

“உன் ஓட்டை மிக்ஸிதான் என் நெட்டைக் கெடுக்குது! இல்லைன்னு இப்பவே நிரூபி. முடியலன்னா வீட்டைக் காலி பண்ணு!”

தமயந்தி விறுவிறுவென்று உள்ளே போனாள். தன் வீட்டு மெயின் சுவிட்சையே அணைத்தாள்.

“இப்ப என் வீட்டுல ஒரு பல்புகூட எரியாது சார். நீங்க மேல போய் எப்பவும்போல சௌகரியமா உட்கார்ந்து நெட்ல நியூஸ் பாருங்க. நெட் போகலைன்னா இன்னைக்கே காலி பண்றேன்” என்றவள், அவர் பின்னாலேயே மாடியேறினாள்.

மோடத்துக்குப் பக்கத்து பிளக்கில் செருகியிருந்த புது மசாஜ் நாற்காலியில் அவர் கம்பீரமாகச் சாய்ந்து சுவிட்சைத் தட்டினார். நாற்காலி உறுமியது. செய்தி வாசித்தவர் வாயைத் திறந்தபடியே திரையில் உறைந்துபோனார்.

அவர் மனைவி வந்து சுவிட்சை அணைத்தாள்; செய்தி ஓடியது. மறுபடி போட்டாள், நின்றது.

“சரி சரி, நீ காலி பண்ண வேண்டாம்மா” என்று அசடு வழிந்தார் வைத்தியலிங்கம்.

தமயந்தி நாற்காலியின் பிளக்கைப் பிடுங்கினாள்.

“நாளைக்கு மறுபடியும் இன்டர்வியூ வச்சிருக்காங்க. அது முடியற வரைக்கும் நீங்க நின்னுக்கிட்டே இருங்க!”