கரடியக்காவின் பந்தியும் மடித்த இலைகளும்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் என் மதினி ரொசாரியம்மாள். எனக்குக் கல்யாணமான வருஷம், ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களான தபசுக் காலம் அது. என் அண்ணன் அப்போது ஊர் ஊராகச் சுற்றிக் காட்டும் உல்லாசக் கப்பல் ஒன்றில் சமையல் வேலை பார்த்தார். "அந்தக் கப்பலில் விடிஞ்சதிலிருந்து அடையிற வரைக்கும் விருந்தாமே மதினி! வாரக்கணக்கா அப்படித் தின்னா சலிக்காதா?" என்று நான் கேட்டேன். மதினி பயறு புடைத்துக்கொண்டே இதைச் சொன்னார்.

ஒரு பெரிய காட்டின் நடுவே ஓர் ஆறு ஓடியது. மழை ஓய்ந்து ஆறு நிரம்பியதும் மிருகங்களும் பறவைகளும் மூங்கில் தெப்பம் ஒன்றில் ஏறிக் கடல் பார்க்கப் போகும். போய்வரப் பல வாரங்கள் ஆகும்.

தெப்பத்தின் தலைவர் ஒரு கிழட்டு ஆமை. தண்ணீருக்குள் இறங்கித் தெப்பத்தைத் தள்ளுகிறவை நீர்நாய்கள். சமையல் கரடியக்கா.

கரடியக்காவின் கைமணத்தை என்னவென்று சொல்ல! அவள் சுட்ட கிழங்கு வெளியே மொறுமொறுவென்றும் உள்ளே வெண்ணெய் போலவும் இருக்கும். அவள் மூங்கிலரிசிப் பாயசத்தில் தேன் ஊற்றினால் கரையில் மேய்கிற மான் தலையைத் தூக்கும். அடுப்பு மூட்டும் முன் அவள் கண்ணை மூடிக் கைகூப்புவாள். "சாமி, இதைச் சாப்பிடுறவங்க வயிறு குளிரட்டும்" என்பாள். அப்புறம்தான் நெருப்பு வைப்பாள்.

அந்தத் தெப்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது. சாப்பாடு பிடித்திருந்தால் இலையைத் தன் பக்கமாக மடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் எதிர்ப்பக்கமாக மடிக்க வேண்டும். பந்தியில் பாதிக்கு மேல் எதிர்ப்பக்கம் மடிந்தால் தலைவர் எச்சரிப்பார். மறுநாளும் அப்படியே மடிந்தால் சமையல்காரரை அடுத்து வரும் கரையில் இறக்கிவிடுவார். அடுத்த வருஷம் தெப்பம் வரும்போதுதான் திரும்ப ஏறலாம்.

முதல் வாரம் எல்லா இலையும் தன் பக்கமே மடிந்தது.

"ஆகா! இப்படி ஒரு சாப்பாட்டை என் ஆயுசில் கண்டதில்லை!" என்றது மயில்.

"அக்கா, நீ கரடியே இல்லை, தெய்வம்!" என்றது குரங்கு.

"கேட்கிறபோதெல்லாம் கொடு அம்மா. நம்ம தெப்பத்தில் ஏறினவங்க ஒரு குறையும் சொல்லக் கூடாது" என்றார் ஆமைத் தலைவர்.

கரடியக்காவும் கொடுத்தாள். விடிந்ததும் மணி அடிக்கும், பழம் வரும். வெயில் ஏறுமுன் மணி அடிக்கும், கிழங்கு வரும். உச்சியில் பெரிய பந்தி. பிறகு பாயசம். பிறகு வறுத்த பலாக்கொட்டை. பொழுது சாய்ந்தால் மறுபடி பந்தி! பயணிகளுக்கு வேறு வேலை என்ன? சாப்பிட்டன. படுத்தன. படுத்த இடத்திலேயே சாப்பிட்டன.

இரண்டாவது வாரம் மயில் கிழங்கைக் கொத்திப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"என்னமோ போங்க. எதைத் தின்னாலும் ஒரே மாதிரி இருக்கு!"

"எனக்கும்தான்! பாயசத்தைப் பார்த்தாலே கொட்டாவி வருது!" என்றது குரங்கு.

இதைத்தான் எதிர்பார்த்துக் காத்திருந்தது ஒரு நரி. அதற்கு ஏறின நாளிலிருந்தே சமையல்கட்டுக்குப் பின்னால் இருந்த சாமான் அறைமேல் கண். உள்ளே பலாச்சுளையும் தேன்கூடும் கூடைகூடையாக இருந்தன. சமையல்காரரைத் தவிர வேறு யாரும் அதற்குள் போகக் கூடாது. கரடியக்காவை இறக்கிவிட்டால் அந்த இடத்துக்குத் தான் வந்துவிடலாம் என்று நரி கணக்குப் போட்டது.

"நான் சொன்னா தப்பா நினைக்காதீங்க மயிலண்ணே" என்று மெல்ல ஆரம்பித்தது. "அக்காவுக்கு முன்னே மாதிரி சிரத்தை இல்லை. ஆக்கிறதை ஆக்குறா, போடுறதைப் போடுறா. உங்க தோகைக்கும் அழகுக்கும் இதுவா சாப்பாடு?"

"அதானே!" என்று மயில் தோகையைச் சிலிர்த்தது.

"நான் சமைச்சா தினம் ஒரு புதுச் சாப்பாடு! ஒரு தடவை போட்டதை மறுபடி கண்ணிலேயே காட்ட மாட்டேன்!"

"உனக்குச் சமைக்கத் தெரியுமா நரியாரே?" என்று கேட்டாள் எருமையம்மா. அவள் எதையும் பட்டென்று கேட்டுவிடுவாள்.

"நல்லாக் கேட்டீங்க போங்க! எங்க வம்சமே சமையல் வம்சம்!" என்றது நரி. குரங்குக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் அது வாயை மூடிக்கொண்டது.

அன்று உச்சிப் பந்தியில் ஒன்றன்பின் ஒன்றாக இலைகள் எதிர்ப்பக்கம் மடிந்தன. பாதிக்கு மேல்!

ஆமைத் தலைவர் சமையல்கட்டுக்கு மெல்ல நடந்து வந்தார்.

"அம்மா, நாளைக்கும் இப்படியே மடிஞ்சா எனக்கு வேற வழியில்லை. அடுத்த கரை எதுன்னு உனக்கே தெரியும். மணல்திட்டு. மரமில்லை, நிழலில்லை, திங்க ஒரு கிழங்கு கிடையாது."

"தெரியும் ஐயா" என்றாள் கரடியக்கா. அந்தத் திட்டில் ஒரு கரடி ஒரு வருஷம் உயிரோடு இருக்க முடியாது. அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

தலைவர் போனதும் அவள் பானையில் மிச்சமிருந்த கிழங்கை எடுத்து வாயில் போட்டாள். உப்பு சரி. பதம் சரி. தேனும் நல்ல தேன்தான். பிறகு ஏன்?

அழுதுகொண்டு உட்கார அவளுக்கு நேரமில்லை. எச்சில் இலைகளை அள்ளிப் போட வேண்டும். பயணிகளின் இலைகளை அள்ளினாள். முக்கால்வாசி சாப்பாடு அப்படியே இருந்தது. கிழங்கின் ஓரத்தைக் கடித்திருந்தார்கள், அவ்வளவுதான். பக்கத்தில் நீர்நாய்களின் இலைகள் கிடந்தன. அவை கடைசிப் பந்தியில் சாப்பிடுகிறவை. அந்த இலைகளில் ஒரு பருக்கை இல்லை! கழுவி வைத்தது போலப் பளபளவென்று இருந்தன. எல்லாமே தன் பக்கம் மடிந்திருந்தன.

கரடியக்கா அப்படியே நின்றுவிட்டாள். ஒரே பானை. ஒரே கை. ஒரே நாள். இலைகள் மட்டும் இரண்டு விதம்!

தெப்பத்தின் ஓரம் போய்க் குனிந்து கூப்பிட்டாள். "தம்பி! உண்மையைச் சொல்லு. என் சமையல் உங்களுக்குச் சலிச்சுப் போச்சா?"

தண்ணீருக்குள்ளிருந்து ஒரு நீர்நாய் தலையைத் தூக்கியது. மூச்சு வாங்கியது.

"சலிப்பா? அது என்னக்கா, புதுப் பலகாரமா? இருந்தா அதையும் போடுங்க! வயிறு இப்பவே கூப்பிடுது!"

கரடியக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபோதுதான் அவளுக்குப் புரிந்தது.

மறுநாள் விடிந்ததும் நேரே தலைவரிடம் போனாள்.

"ஐயா, கடல் பக்கத்துல வந்துட்டோம். ஆத்துத் தண்ணி கரிக்குது. குடிக்கவும் ஆகாது, சமைக்கவும் ஆகாது. அதோ பாறைத்தீவு தெரியுதே, அதோட உச்சியில ஒரு சுனை இருக்கு. எல்லாரும் ஏறி ஆளுக்கொரு சுரைக்குடுக்கைத் தண்ணி கொண்டு வந்தா திரும்புறப்போ நல்ல ஆத்துத் தண்ணி கிடைக்கிற வரைக்கும் தாங்கும். நீங்க அனுமதி கொடுத்தா அவங்க திரும்பி வர்றவரைக்கும் மணி அடிக்காம இருக்கேன்."

தலைவர் ஆற்று நீரை ஒரு வாய் குடித்துப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார். "நீ சொல்றது சரிதான். ஆனா இன்னைக்குப் பந்தியில உன் கதி இருக்கு, அம்மா. புதுசா ஏதாவது செய்யப் பாரேன்."

"நேத்துச் செஞ்சதையேதான் இன்னைக்கும் செய்யப் போறேன் ஐயா."

"அதையேவா!" தலைவரின் கழுத்து ஓட்டுக்குள் போய் வெளியே வந்தது.

"ஆமாங்க. குறை சாப்பாட்டுல இல்லை. இன்னைக்குத் தெரிஞ்சுடும்."

தெப்பம் தீவில் ஒதுங்கியது. மயில் கூச்சல் போட்டது. "நானா? தண்ணி சுமக்கவா? உல்லாசமாப் போகலாம்னுதானே ஏறினேன்!"

"தாகம் வந்தா தோகையையா குடிப்பே? நட அண்ணே!" என்று முன்னால் நடந்தாள் எருமையம்மா.

நரி மட்டும் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. "ஐயோ! சுளுக்கு! நீங்க போயிட்டு வாங்க. நான் தெப்பத்துக்குக் காவல் இருக்கேன்!"

கரடியக்கா கரையில் அடுப்பு மூட்டப் போனாள். மற்றவர்கள் மலை ஏறினார்கள். வழி செங்குத்து. பாறை சுட்டது. மயிலுக்குத் தோகை முள்ளில் மாட்டியது. குரங்கு அதை எடுத்துவிட்டது. எருமையம்மா முதுகில் யார் யார் குடுக்கையோ தொங்கியது. உச்சியை அடைந்தபோது காற்று சிலுசிலுவென்று வீசியது. அங்கிருந்து பார்த்தால் கடல்! அதைப் பார்க்கத்தான் கிளம்பினோம் என்பதே அவர்களுக்கு மறந்து போயிருந்தது. வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

"எருமையம்மா" என்றது மயில் கொஞ்ச நேரம் கழித்து. "என் வயித்துக்குள்ள என்னமோ பிராண்டுது. நோயா இருக்குமோ?"

"நோயுமில்லை, பேயுமில்லை! பசி அண்ணே, பசி! எனக்கும் வந்தாச்சு!"

குடுக்கைகளை நிரப்பிக்கொண்டு இறங்கினார்கள். பாதி வழியில் கிழங்கு சுடும் வாசனை மேலே வந்தது. அப்புறம் அவர்கள் இறங்கவில்லை, ஓடினார்கள்! ஆனாலும் ஒரு குடுக்கைத் தண்ணீரும் சிந்தவில்லை.

மணி அடித்தது. இலை விழுந்தது. கிழங்கு, பலாக்கொட்டை, பாயசம். மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அக்கா! இன்னொரு கிழங்கு!" "இங்கேயும்!" "பாயசம் என்னக்கா இன்னைக்கு இப்படி இருக்கு! எதைப் போட்டே?"

மயில் இலையின் ஓரத்தில் ஒட்டிய கடைசிச் சொட்டுத் தேனையும் அலகால் வழித்தது. பிறகு இலையைத் தன் பக்கமாக மடித்தது. குரங்கு மடித்தது. எருமையம்மா மடித்தாள். வரிசையாக இலைகள் தன் பக்கம் மடிந்தன.

ஓர் இலை மட்டும் எதிர்ப்பக்கம் மடிந்தது. நரி!

"இதெல்லாம் ஒரு சாப்பாடா? நேத்துப் போட்ட அதே பழைய சங்கதி! எனக்குச் சலிச்சுப் போச்சு!" என்று சொன்ன நரிக்குப் பெரிய ஏப்பம் ஒன்று வந்தது. பந்தி முழுக்கப் பலாப்பழ வாசனை!

எருமையம்மா குனிந்து பார்த்தாள். "உன் மீசையில என்னப்பா பலாச்சுளை நாரு? சுளுக்கு காலிலயா, வாயிலயா?"

தலைவர் சாமான் அறையைத் திறந்து பார்த்தார். பலாச்சுளைக் கூடை ஒன்று காலியாகக் கிடந்தது.

மயில் கரடியக்காவைப் பார்த்தது. "அக்கா, நேத்துப் போட்ட அதே கிழங்கா இது?"

"அதே கிழங்கு, அதே தேன், அதே கைதான் அண்ணே. நேத்து ஒரு சாமான் குறைஞ்சது. அது என் அடுப்படியில கிடைக்காது. சாப்பிடுறவங்கதான் கொண்டு வரணும். இன்னைக்கு மலையிலிருந்து தண்ணியோட அதையும் கொண்டு வந்தீங்க."

"பசி!" என்றது குரங்கு.

மயில் தலையைத் தொங்கப் போட்டது. "உன்னை மணல்திட்டுல விடப் பார்த்தோமே அக்கா" என்றது. மற்றவர்களும் எழுந்து நின்று அவளைக் கும்பிட்டார்கள். கரடியக்கா கூச்சத்தில் கரண்டியால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

தலைவர் நரியின் பக்கம் திரும்பினார். "மணல்திட்டுக்கு ஆள் கிடைச்சாச்சு!"

நரி தலைவரின் காலில் விழுந்தது. "ஐயா! அங்கே செத்துப் போவேன் ஐயா!"

"வேண்டாம் ஐயா" என்றாள் கரடியக்கா. "பசிச்சுச் சாகுற இடத்துல யாரையும் விட வேண்டாம். அந்த இடத்தை நினைச்சு நேத்து நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். கடலையும் பார்த்தாச்சு. திரும்புற பயணம் எதிர்நீச்சல் ஆச்சே, நரியாரைத் தெப்பம் தள்ள விடுங்க. சாயங்காலம் அவர் இலை எப்படி வருதுன்னு பார்ப்போம்."

நரி தண்ணீரில் இறங்கியது. நீர்நாய்களோடு சேர்ந்து பொழுது சாயும் வரை முக்கி முனகித் தள்ளியது. கடைசிப் பந்தியில் ஈரம் சொட்டச் சொட்ட வந்து உட்கார்ந்தது. கரடியக்கா ஒரே ஒரு சுட்ட கிழங்கை வைத்தாள். தேன்கூட ஊற்றவில்லை.

நரி தின்றது. இலையை நக்கியது. மறுபடி நக்கியது. பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் இலையைத் தன் பக்கமாக மடித்தது.

"அக்கா, இன்னொண்ணு இருக்குமா?" என்று மெதுவாகக் கேட்டது.

"ரெண்டு இருக்கு, சாப்பிடு" என்றாள் கரடியக்கா.

பசிக்காத வயிற்றுக்குத் தினமும் விருந்து வைத்தாலும் சலிப்புதான் வரும், பாடுபட்டுப் பசித்த வயிற்றுக்கோ தினமும் வரும் அதே கிழங்கும் கடவுள் கொடுத்த அமுதம்.

பிள்ளைகளே, பெரியவர்களே, இன்றைக்கு வீட்டில் யாராவது "பசிக்குதா?" என்று கேட்டால், உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள்.