இருபத்தொரு கூடை, நூறு மாம்பழம்

முன்னொரு காலத்தில், வாய்க்கு வந்ததையெல்லாம் ஆணையாக்கிவிடும் ராஜா ஒருவர் இருந்தார். மகளின் திருமணச் சீராக இருபத்தொரு கூடையில் நூறு மாம்பழம் வரும் என்று சம்பந்திக்குத் தாமே ஓலை எழுதி அனுப்பிவிட்டார்.

அரண்மனைக் கணிதர் ஏகாம்பரப் பண்டிதருக்கு அது வசதியாகப் போயிற்று. தம் கணக்கைக் கேட்டால் கொட்டாவி விடும் ராஜா, விகடகவி சடையாண்டி வாய் திறந்தாலே குலுங்கிச் சிரிக்கிறாரே என்று அவருக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல்.

"மன்னா, மங்கல காரியம். கூடைக்குக் கூடை ஒற்றைப்படையில்தான் பழம் இருக்க வேண்டும். வெறுங்கூடை ஆகாது, பழத்தை வெட்டவும் ஆகாது. தங்கள் விகடகவி நிரப்பித் தரட்டுமே!" என்றார்.

"அப்படியே ஆகட்டும். சடையாண்டி, பொழுது சாய்வதற்குள் முடிக்காவிட்டால் குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போய்விடு!" என்றார் ராஜா.

சடையாண்டி பழங்களின் நடுவே உட்கார்ந்தான். ஐந்தைந்தாக வைத்தான். இருபது கூடை நிறைந்தது, ஒன்று வெறுமையாக நின்றது. மூன்று, ஏழு, ஒன்பது என்று மாற்றி மாற்றிப் போட்டான். ஒன்று குறைந்தது, இல்லாவிட்டால் ஒன்று மிஞ்சியது.

"இருபத்தொரு ஒற்றைப்படையைக் கூட்டினால் ஒற்றைப்படைதானே வரும்? நூறு எப்படியப்பா வரும்? போய் மூட்டையைக் கட்டு," என்று பண்டிதர் வாசலில் நின்று சிரித்தார்.

கணக்கு சரிதான் என்று சடையாண்டிக்கும் புரிந்தது. ஆனாலும் எழுந்திருக்க அவனுக்கு மனமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி ஐந்தைந்தாக அடுக்கினான்.

சுமை தூக்க வந்த வீராயி ஒரு கூடையைத் தூக்கிப் பார்த்தாள். "இது அடி விட்டுப்போச்சு சாமி. இன்னொரு கூடைக்குள்ள வச்சாத்தான் தாங்கும்."

சடையாண்டி துள்ளி எழுந்தான். "பழத்தோடயே தூக்கி அந்த வெறுங்கூடைக்குள்ள வை தாயே!"

சபையில் ராஜா ஒவ்வொரு கூடையாக எண்ணினார். இருபத்தொன்றிலும் ஐந்தைந்து.

"மோசடி! அதே ஐந்தை இரண்டு தரம் எண்ணுகிறான்!" என்று பண்டிதர் கத்தினார்.

"பண்டிதரே, தாயின் மடியில் பிள்ளை, தாயோ பல்லக்கில். பல்லக்கில் பிள்ளை இல்லை என்பீர்களா? வெளிக்கூடையில் எத்தனை பழம் இருக்கிறது? நீங்களே எண்ணிச் சொல்லுங்கள்," என்றான் சடையாண்டி.

பண்டிதர் எண்ணினார். "ஐந்து," என்றார் வேண்டாவெறுப்பாக.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என் வாக்கைக் காப்பாற்றினாய்!" என்று தம் முத்துமாலையைச் சடையாண்டிக்குப் போட்டார். வீராயிக்குப் பட்டுச்சேலை கிடைத்தது. "பண்டிதரே, அந்த இரட்டைக் கூடையை நீங்களே சுமந்து வாருங்கள். வழியில் கணக்குத் தப்பக் கூடாது அல்லவா?" என்றார் ராஜா.

சம்பந்தி ஊர் மூன்று காத தூரம். பாதி வழி போவதற்குள், தலைமேல் இருப்பது ஐந்து பழமா பத்துப் பழமா என்று பண்டிதருக்கே சந்தேகம் வந்துவிட்டதாம்.