ராணியோட அளவு ஜாக்கெட்

பட்டுப் பாவாடையோட படுக்காதேடீ தேனு, கசங்கிப் போகும். காலையில கல்யாணத்துக்குக் கட்ட வேணாமா? கழட்ட மாட்டியா? சரி, நாடாவை இறுக்கிக்கிட்டே கிட, எனக்கென்ன. நான் நைட்டியில இருக்கேன். இதைக் கண்டுபிடிச்ச புண்ணியவதிக்கு ஒரு கோயில் கட்டணும். அத்தை கதை சொல்லணும்னா நீ "ம்" கொட்டணும், தெரியும்ல?

"ம்."

ஒரு ஊர்ல ஒரு ஜாக்கெட் இருந்துச்சாம். ஒரு ராணி இருந்தாள்னுதான எல்லாரும் ஆரம்பிப்பாங்க? இந்தக் கதையில ஜாக்கெட்தான் முதல்ல. ராணி அதுக்குள்ள இருந்தா. அவ பேரு ஒய்யாரவல்லி.

அவ கல்யாணத்துக்குக் கச்சிதம்னு ஒரு தையக்காரன் ஜாக்கெட் தைச்சான் பாரு, அப்படிப் பொருந்துச்சாம். ஊரே வாயப் பொளந்துச்சு. அப்புறம் அதையே அளவு ஜாக்கெட்டா வச்சுக்கிட்டாங்க. உங்கம்மா டெய்லர்கிட்டப் பழைய ஜாக்கெட் ஒண்ணக் குடுத்து, "இதே அளவுக்குத் தைங்க"ம்பாள்ல, அதேதான்.

"ம்."

அப்புறம் வருஷம் போச்சு. ராணிக்குப் புள்ளைங்க பொறந்துச்சு. அதிரசம்னா அவளுக்கு உசுரு வேற. உடம்பு அது பாட்டுக்கு வளர்ந்துச்சு. அளவு ஜாக்கெட் வளருமா? திருவிழாவுக்குத் திருவிழா புது ஜாக்கெட் அதே அளவுல வரும். கொக்கி போய் மாட்டுற இடத்துக்கும் கொக்கிக்கும் நடுவுல ஒரு தெருவே போகும்.

கச்சிதத்தைக் கூப்பிட்டுக் கேட்டா, அவன் ஜாக்கெட்டைப் பாத்தான், ராணியைப் பாத்தான்.

"அளவு சரியாத்தாம்மா இருக்கு. உடம்புதான் தப்பு."

எவ்வளவு கொழுப்பு பாத்தியா அவனுக்கு! அதையும் ராணி நம்பிட்டா. அதான் எனக்கு ஆத்திரம்.

அவளோட கடைக்குட்டி பேரு குண்டுமணி. எந்நேரமும் ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு வருவான். "அம்மா, தூக்கு." அவ குனிஞ்சா முதுகுல தையல் "கிரீச்"ம்கும். கையைத் தூக்கினா அக்குள்ல இறுக்கும். "அப்புறம் தூக்குறேன்டா கண்ணு"ன்னுவா. அந்த அப்புறம் வரவே வராது. புள்ளை தூணைக் கட்டிக்கிட்டு நிப்பான்.

"பாவம்."

பாவம்தான். அப்போ வைத்தியர் வந்தாரு. "இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு. மூணு வேளையும் கொள்ளு குடுங்க"ன்னாரு. குடுத்தாங்க. இளைக்கல. சபை நடுவுல ராணி சிம்மாசனத்துல உக்காந்தாளா, "டுர்ர்ர்ர்!" ராஜா மேல உத்தரத்தைப் பாத்தாரு. மந்திரி எந்திரிச்சு, "மன்னிக்கணும், நான்தான்"னுட்டாரு. அவருக்கு ஊதிய உயர்வு குடுத்தாங்களாம்.

சிரிக்காதே, மெதுவா. உங்கம்மா முழிச்சுக்குவா.

அப்புறம் பயில்வான் ஒரு சிஷ்யனோட வந்தான். ராணி வயித்துல வேட்டியைச் சுத்தி, ஆளுக்கொரு முனையைப் புடிச்சு, "ஏலேலோ!"ன்னு இழுத்தாங்க. வயிறு உள்ள போச்சு. கொக்கியும் மாட்டிருச்சு. எல்லாரும் கை தட்டினாங்க. அப்போ ராணிக்கு ஒரு தும்மல். "அச்!" கொக்கி "டிக் டிக் டிக்"குனு பறந்து பயில்வான் மூக்குலயே அடிச்சுது.

"அத்தை! அப்புறம்?"

அப்புறம் கச்சிதமே வந்தான். "அம்மா, கொக்கிக்குப் பதிலா நான் உங்க மேலயே வச்சுத் தைச்சுடுறேன். நீங்க கும்பிடக் கூடாது, குனியக் கூடாது, சிரிக்கக் கூடாது, முதுகு அரிச்சாச் சொறியக் கூடாது. மூச்சு மட்டும் விடலாம். அதுவும் பாதி." ராணி தலையாட்டினா. தலையாட்ட மட்டும் இடம் இருந்துச்சு.

தேர்த் திருவிழா வந்துச்சு. ராணி துணிக்கடை பொம்மை மாதிரி நின்னா. ஊர்ப் பொம்பளைங்க எல்லாம், "என்னா அழகு, என்னா அழகு!" அவளுங்களும் இறுக்கித் தைச்சுக்கிட்டுப் பாதி மூச்சுலதான் சொன்னாளுங்க. ராணி எவ்வழி, ஜனங்க அவ்வழி.

அப்போ வெடிச் சத்தத்துக்கு மிரண்டு, கோயில் மாடு கயித்தை அறுத்துக்கிச்சு. தடதட தடதடன்னு தெருவுல வருது. எல்லாரும் ஓடுறாங்க. நடுத்தெருவுல யாரு நிக்கிறா சொல்லு?

"குண்டுமணி!"

ஆமா. அழக்கூட இல்ல. ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு, "அம்மா, தூக்கு."

ராணி ஓடினா. குனிஞ்சா. அள்ளித் தூக்கினா.

"டர்ர்ர்ர்ர்ர்ர்ர்!"

கழுத்துலருந்து இடுப்பு வரைக்கும் முதுகு பொளந்துக்கிச்சு. மாடு அவங்களை விட்டு ஒதுங்கிப் போய் யாரோ கொண்டாந்த வாழைப்பழத்தைத் தின்னுச்சு. அதுக்கு என்ன தெரியும் இதெல்லாம். ஊரே வாயைப் பொத்திக்கிட்டு நிக்குது. ராணி "ஹாஆஆ"ன்னு ஒரு மூச்சு விட்டா பாரு, முழு மூச்சு, எத்தனை வருஷத்து மூச்சு அது! குண்டுமணி அந்தக் கிழிசலுக்குள்ள கையை விட்டு முதுகைச் சொறிஞ்சான். "அம்மா, இங்கயா அரிக்குது?"

"அங்கதான்டா. இன்னும் கொஞ்சம் கீழ"ன்னு ராணி அழுதுக்கிட்டே சிரிச்சா.

மறுநாள் என்னாச்சு? ஊர்ல ஒருத்தி பாக்கியில்லாம முதுகைக் கிழிச்சுக்கிட்டு வந்துட்டாளுங்க! அதுதான் புது மாடலாம். கச்சிதம் அதுக்கு "ஜன்னல் வச்ச ஜாக்கெட்"னு பேரு வச்சு, கிழிக்கிறதுக்கும் கூலி வாங்கினான். இந்த ஜனங்களைத் திருத்த முடியாது தேனு.

அப்புறம் அவன் அரண்மனைக்கு வந்தான். "புது ஜாக்கெட் தைக்கணும். அளவு ஜாக்கெட்டைக் குடுங்கம்மா."

"அது அடுப்படியில கரித்துணியாக் கிடக்கு. உடம்பு இங்க இருக்கு. அளவெடு."

டேப்பை எடுத்தான். "அப்போ புள்ளையைக் கொஞ்சம் இறக்கி விடுங்க."

"இறக்க மாட்டேன். இவன் இடுப்புல இருக்கும்போது எனக்கு என்ன அளவோ, அதுதான் என் அளவு. ரெண்டு பேரையும் சேத்து எடு."

கச்சிதம் ரெண்டு பேரையும் சேத்துச் சுத்திப் பாத்தான். டேப்பு எட்டல. இன்னொரு டேப்பை முடிச்சுப் போட்டான்.

"..."

என்னடீ, "ம்" காணோம்? தூங்கிட்டியா?

"அத்தை... இந்த நாடாவைக் கொஞ்சம் அவுத்து விடேன்."

அப்படி வா வழிக்கு. திரும்பு. யம்மா, என்னா தடம் பாரு, சிவந்து போய். எங்க அரிக்குது, இங்கயா?

"இன்னும் கொஞ்சம் கீழ."

சரி சரி. கதை முடிஞ்சுது, கொக்கி கழண்டுது. முழு மூச்சா விட்டுத் தூங்கு.